தானியக் கிடங்கின் மறைவில் யாரும் இல்லை

டுவேன் நீகாம்ப் பன்றிக் கொட்டகைகளுக்குக் காற்றாடி விற்கிறவன். சுவரில் பொருத்துகிற ஆளுயரக் காற்றாடி. கோடையில் பன்றிகள் வெக்கை தாங்காமல் செத்துவிடாமல் இருக்க அது வேண்டும். ஒஹாயோவில் எங்கள் பக்கம் மனிதர்களைவிடப் பன்றிகளும் கோழிகளும் அதிகம் என்பதால் மோசமான தொழில் இல்லை. பன்றிகளுக்கு அவசரம் கிடையாது. பண்ணைக்காரர்களுக்கும் கிடையாது, டுவேன் வந்தால் வரட்டும், வராவிட்டால் இன்னும் நல்லது என்றுதான் இருப்பார்கள். அவசரம் முழுக்க டுவேனுடையது. காலையில் சமையலறை மேசையில் உட்கார்ந்து, டோனட்டைக் காபியில் முக்கிக்கொண்டு, கைபேசியில் தன்னைப் போன்ற வேகப்பிரியர்களின் அரட்டைப் பக்கத்தைக் கடைசிச் சொல் வரை படிப்பான். பிறகு தன்னை யாரோ வேண்டுமென்றே தாமதப்படுத்திவிட்டதுபோல முகத்தை வைத்துக்கொண்டு வண்டிக்கு ஓடுவான்.

இவன் என் அக்கா டானெலின் கணவன். நான் பல வருடம் வெளிநாடுகளில் அலைந்துவிட்டுத் திரும்பி, அடுத்து எங்கே போவது என்று தெரியாமல், அவர்கள் வீட்டுக் கராஜுக்கு மேலே உள்ள அறையில் தங்கியிருந்தேன். அதனால் இவனை அருகிலிருந்து பார்க்கும் பாக்கியம் வாய்த்தது. பிரேக்கே இல்லாத பேருந்துகளில் மலையிறங்கியிருக்கிறேன். அந்த ஓட்டுநர்கள்கூடச் சாலையைப் பற்றி இவன் பேசுவதில் நூறில் ஒரு பங்கு பேசியதில்லை.

அந்த வசந்தத்தில் டுவேனின் ஓட்டுநர் உரிமம் போகிற நிலையில் இருந்தது. வேகமாக ஓட்டியதற்காக அடுத்தடுத்து அபராத டிக்கெட் வாங்கி, உரிமத்தில் குற்றப் புள்ளிகள் ஏறி, விளிம்புக்கு வந்துவிட்டான். இன்னும் ஒரே ஒரு டிக்கெட் வந்தால் ஆறு மாதத்துக்கு உரிமம் கிடையாது. அவனுடைய முதலாளி சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. வண்டி ஓட்ட முடியாதவனுக்குக் காற்றாடி விற்கிற வேலை எதற்கு என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார்.

இந்த நிலையில் வேறு யாராக இருந்தாலும் மெதுவாக ஓட்டியிருப்பார்கள். டுவேன் ஒரு கருவி வாங்கினான்.

ஏற்கெனவே ஒரு கருவி இருந்தது. முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைப் பெட்டி. போலீஸ் ரேடாரைத் தொலைவிலேயே மோப்பம் பிடித்துக் கத்தும். ஆனால் ரோந்துக்காரர்கள் இப்போது லேசர் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். அதன் ஒளி வண்டிமேல் பட்டு, பெட்டி கத்துவதற்குள் உங்கள் வேகம் அவர்கள் கையில் எண்ணாக விழுந்துவிடும். அதற்கு மாற்றாக டுவேன் வாங்கியது ஜாமர். வண்டியின் முன்பக்கக் கம்பிவலைக்குள்ளும் பின்பக்க நம்பர் பலகைக்கு அருகிலும் தீப்பெட்டி அளவில் கண்கள். லேசர் பட்டால் அவை பதிலுக்கு ஒளியை வீசித் துப்பாக்கியைக் குழப்பும்; எண் விழாது. லேசர் பட்டதும் இதன் பெட்டியும் கத்தும்; ஓட்டுநர் முன்னால் இரண்டு சிறு விளக்குகள் இருக்கும். ஒளி முன்னாலிருந்து வந்தால் ஒன்று எரியும், பின்னாலிருந்து வந்தால் மற்றது. எங்கள் மாநிலத்தில் இதற்குத் தடை இல்லை. சில மாநிலங்களில் உண்டு என்பதை டுவேன் பெருமையாகச் சொல்வான், ஒஹாயோவை அவனைக் கேட்டுத்தான் உண்டாக்கினார்கள் என்பதுபோல.

இந்த ஜாமர்க்காரர்களிடம் ஒரு சம்பிரதாயம் உண்டு. துப்பாக்கியில் எண்ணே விழாமல் இருந்தால் ரோந்துக்காரருக்குச் சந்தேகம் வரும். அதனால் பெட்டி கத்தியதும் முதலில் பிரேக்கை மிதித்து வேகத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். அதன் பிறகு கட்டைவிரலால் பொத்தானை அழுத்தி ஜாமரை அணைக்க வேண்டும். இதைக் 'கொல்வது' என்பார்கள். அப்போது ரோந்துக்காரருக்கு நல்ல பிள்ளையின் எண் கிடைக்கும். முதலில் பிரேக், பிறகு கொலை. இந்த வரிசை மாறவே கூடாது. டுவேன் இதை இரவுச் சாப்பாட்டின்போது மேசைக்கடியில் பயிற்சி செய்வான். வலது பாதம் தரையை மிதிக்கும், பிறகு கட்டைவிரல் முட்கரண்டியை அழுத்தும். நாற்பத்து மூன்று வயது. உதட்டோரம் உருளைக்கிழங்கு ஒட்டியிருக்கும்.

ஜாமர் பொருத்திய முதல் வாரமே கத்த ஆரம்பித்தது. தினமும் காலையில், ஒரே இடத்தில். எங்கள் வீட்டிலிருந்து கிராமத்துக்குள் போகிற சாலை, உயரமான தானியக் கிடங்கு ஒன்றைத் தாண்டித்தான் பக்கத்து நகரமான வான் வெர்ட்டுக்குப் போகிற நெடுஞ்சாலையில் சேரும். கிராமத்துக்குள் ஊர்ந்து போகிற டுவேன், கிடங்கு கண்ணில் பட்டதும் வேகம் எடுப்பான். அங்கேதான் இரண்டு பெட்டிகளும் சேர்ந்து அலறும். பின்பக்க விளக்கு எரியும். நெடுஞ்சாலையில் ஏறிப் பறக்கத் தொடங்கியதும் எல்லாம் அடங்கிவிடும்.

டுவேன் உடனே முடிவுக்கு வந்துவிட்டான். கிடங்கின் மறைவில் ஒரு ரோந்துக்காரன் நிற்கிறான். இவன் தாண்டியதும் முதுகில் லேசர் அடிக்கிறான். அதுவும் இவனை மட்டும். மாநில அரசு ஒரு சம்பளக்காரரைத் தினமும் காலையில் அனுப்பி, காற்றாடி விற்கிற ஒருவனுக்காகக் காத்திருக்க வைக்கிறது என்பதில் அவனுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. மாதாகோயிலில் நடக்கும் வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் இந்தக் கதையை ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சொன்னான். சொல்லும்போது முகத்தில் கவலை இல்லை; வெளிச்சம்தான் இருந்தது. யாரோ தன்னைக் கவனிக்கிறார்கள் என்ற வெளிச்சம். ஒருநாள் வண்டியை நிறுத்திவிட்டுக் கிடங்கைச் சுற்றிவந்து தேடியிருக்கிறான். அங்கே ஒரு பூனையும், இவன் சோளம் திருட வந்தவன் என்று நினைத்த காவலாளியும்தான் இருந்தார்கள்.

ரோந்துக்காரன் அகப்படாததால், அடுத்த சந்தேகம் பெட்டிகள்மேல் விழுந்தது. ஒன்றின் ஒளி இன்னொன்றைக் கத்த வைக்கிறதோ என்று பரிசோதனைகளைத் தொடங்கினான். ஜாமரைக் கழற்றிவிட்டு எச்சரிக்கைப் பெட்டியோடு மட்டும் போனான். கிடங்கருகில் அது கத்தியது. எச்சரிக்கைப் பெட்டியைக் கழற்றிவிட்டு ஜாமரோடு போனான்; அதுவும் கத்தியது. ஒளி வெளியிலிருந்து வருகிறது என்பதை இதிலிருந்து ஒரு கோழிகூடப் புரிந்துகொள்ளும். டுவேன் இரண்டுமே பழுது என்று முடிவு செய்தான். வயர்களுக்கு அலுமினியத் தாள் சுற்றினான். பின்பக்கக் கண் ஒன்றின்மேல் தன் காலுறையை மாட்டி ஓட்டிப் பார்த்தான். புது முன்விளக்குகளைக் கழற்றிப் பழைய மங்கல் விளக்குகளைப் போட்டான். மடிக்கணினியைச் சமையலறையில் வைத்து ஜாமருக்குப் புது மென்பொருள் ஏற்றியபோது, மைக்ரோவேவைத் தொடக்கூடாது என்று எங்களுக்கு உத்தரவு. அக்கா ஆறிய சூப்பைக் குடித்தாள். அந்த வண்டியில் கழற்றக்கூடிய எல்லாவற்றையும் கழற்றி மாட்டினான். பின்னால் வருவது யார் என்று மட்டும் பார்க்கவில்லை.

பின்னால் வந்தது அக்கா. வான் வெர்ட்டில் ஒரு கண் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை. டுவேன் கிளம்பும் அதே நேரத்தில் அவளும் கிளம்புவாள். அவளுடையது பழைய ஜப்பானியக் கார், யாரோ வசதியானவர்கள் ஓட்டிக் கழித்தது; ஜாமர் வந்த அதே சமயத்தில்தான் வாங்கியிருந்தாள். முன்னால் போகிற வண்டியைப் பார்த்துத் தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற வசதி அதில் இருந்தது. கிராமத்தைத் தாண்டியதும் அக்கா அதைப் போட்டுவிடுவாள். டுவேன் பறந்து மறையும் வரை அது டுவேனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஈஸ்டர் முடிந்து ஒரு மாலையில் அக்கா இதைச் சொன்னபோது நான் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"டுவேன், அது என் காரு."

"எது?"

"உன் பொட்டியக் கத்த வைக்கிறது. என் காரு மூக்குல லேசர் இருக்கு. முன்னாடி போறது எவ்ளோ தூரத்துல இருக்குன்னு அதுதான் பாக்குது. காலைல எனக்கு முன்னாடி போறது நீதான்."

டுவேன் என் பக்கம் திரும்பிச் சிரித்தான். "பாத்தியா ஊர்சுத்தி, மூக்குக்கண்ணாடி விக்கிற எடத்துல போன் எடுக்குறவ எனக்கு லேசர் பாடம் நடத்துறா."

"ஈஸ்டருக்கு நான் ஒரு வாரம் லீவு போட்டேன்ல. அப்ப கத்துச்சா?"

கத்தவில்லை. அது அவனுக்கும் தெரியும். கொஞ்சம் யோசித்தான்.

"அந்த ஆளும் லீவு போட்டிருப்பான்" என்றான்.

அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்க்கப் போய்விட்டாள். அவள் ஒருமுறைதான் சொல்வாள். அப்படியொரு வாழ்க்கைக்குப் பழகிவிட்டாள். எனக்குத்தான் தட்டை அவன் தலையில் போட வேண்டும்போல இருந்தது.

மனைவியின் பேச்சை நம்பாதவன் லைல் ஆஸ்டர்ஹோல்ட்டை நம்பினான். லைல் அரட்டைப் பக்கத்தின் பெரிய தலை. ஏலத்தில் எடுத்த பழைய போலீஸ் லேசர் துப்பாக்கி ஒன்று அவனிடம் இருந்தது. அந்த ஒரே தகுதியில் அவனுக்கு அந்த அந்தஸ்து. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதாகோயிலுக்குப் போயிருக்க வேண்டியவர்கள் எல்லாம் செலினா என்ற ஊரில் பொருட்காட்சித் திடலின் காலி வண்டிநிறுத்தத்தில் கூடுவார்கள். மடக்கு நாற்காலிகள், பொரித்த சாசேஜ், வயிறு தள்ளிய பத்துப் பதினைந்து ஆண்கள். ஒருவன் முக்காலியில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு ரோந்துக்காரனாக நிற்பான். மற்றவர்கள் ஒருவர்பின் ஒருவராக அவனை நோக்கி வண்டியோட்டி வருவார்கள். கடைசிவரை எண் விழாவிட்டால் எல்லோரும் சீட்டியடிப்பார்கள். ரோந்துக்காரனாக நிற்பதற்குத்தான் பெரிய போட்டி. போலீஸிடமிருந்து தப்பிக்க இவ்வளவு பாடுபடுகிறவர்கள், வாய்ப்புக் கிடைத்தால் போலீஸாக நிற்க எப்படி அடித்துக்கொள்கிறார்கள் என்பதை அன்று பார்த்தேன். என்னைக் கூட்டிப்போனது டுவேனைக் கைபேசியில் படம் பிடிக்க.

டுவேனின் வண்டி தேறிவிட்டது. எண் விழவில்லை, சீட்டியும் பறந்தது. அக்கா வீட்டில் இருந்ததால் தேவையில்லாத அலறலும் இல்லை. டுவேன் கிடங்குக் கதையைச் சொல்ல, லைல் சாசேஜைக் கடித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னான்.

"டேய், அங்க ஒருத்தனும் இல்ல. உன் ரெண்டு பொட்டியும் ஒண்ணப் பாத்து ஒண்ணு குரைக்குது. புதுசுல அப்படித்தான். கிடங்குகிட்ட கத்துனா பிரேக்கெல்லாம் போட்டுட்டு இருக்காத. ஜாமரக் கொன்னுட்டுப் போய்க்கிட்டே இரு. வாய மூடிக்கும்."

தனக்கென்று ஒதுக்கப்பட்ட ரோந்துக்காரன் இல்லாமல் போனது டுவேனுக்கு உண்மையிலேயே வருத்தம் என்று நினைக்கிறேன். ஆனால் மறுநாளே லைல் சொன்னபடி செய்ய ஆரம்பித்தான். கிடங்கு வரும், பெட்டிகள் அலறும், கட்டைவிரல் பொத்தானை அழுத்தும். பாதம் அசையாது. அதற்குள் வண்டி பறந்துவிடும், பெட்டிகள் அடங்கும்; பொத்தான்தான் அடக்கியது என்று நினைத்துக்கொள்வான். அக்காவின் கார் பின்னால் சிறிதாகிக்கொண்டே போகும். சில வாரங்களில் அந்தக் கட்டைவிரல் அவனைக் கேட்காமலே வேலை செய்யப் பழகிவிட்டது. மேசைக்கடியில் மாதக்கணக்கில் பழகிய வரிசை போயே போய்விட்டது.

ஜூன் மாதத்தில் ஒருநாள் கண் மருத்துவரிடம் கண்ணாடிச் சட்டங்களைக் கணக்கெடுக்கிற வேலை. அக்கா விடிந்ததுமே போய்விட்டாள். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க வான் வெர்ட்டுக்குப் போக வேண்டியிருந்ததால் நான் டுவேன் வண்டியில் ஏறினேன். மறுபடி எங்காவது ஓடப்போகிறேனா என்று கேட்டான். இந்த வண்டியில் ஏறிய பிறகு அந்த ஆசை கூடிவிட்டது என்றேன். சிரித்தான். டுவேனிடம் ஒரு நல்ல குணம் உண்டு என்றால், அது திட்டினால் புரியாது என்பதுதான்.

கிராமத்தைத் தாண்டினோம். கிடங்கு தெரிந்ததும் வழக்கம்போல மிதித்தான். முப்பத்தைந்து மைல் என்று பலகை இருக்கிற இடத்தில் முள் அறுபதைத் தொட்டது. பெட்டிகள் அலறின.

அவன் சொல்லிச் சொல்லி நான் கேட்டுப் பழகிய இடம்தான். ஆனால் எரிந்தது முன்பக்க விளக்கு.

"டுவேன், முன் லைட்டு எரியுது."

"ரெண்டும் சண்ட போடுது, விடு" என்றான். கட்டைவிரல் ஏற்கெனவே அழுத்தியிருந்தது.

எதிரே கிடங்கு நிழலில் சாம்பல் நிற ரோந்து வண்டி நின்றிருந்தது. அதன் கதவோரம் ஒரு பெண், அகலத் தொப்பியோடு, துப்பாக்கியை நேராக எங்களை நோக்கிப் பிடித்திருந்தார். அவருக்கு அதுவரை எண் விழாமல் இருந்திருக்கும். டுவேன் தன் கையாலேயே ஜாமரை அணைத்து அந்த எண்ணை எடுத்துக் கொடுத்தான்.

அவன் முகத்தில் முதலில் தெரிந்தது பயமில்லை. இத்தனை மாதம் ஊரெல்லாம் சொன்ன ஆள் கடைசியில் வந்தே விட்டார் என்ற திகைப்பு. பிறகுதான் உரிமம் நினைவுக்கு வந்தது. வண்டியை ஓரங்கட்டும்போது கழுத்து வரை சிவந்துவிட்டான்.

அவர் நடந்து வந்து குனிந்தார். எந்த அவசரமும் இல்லாத குரல்.

"எவ்ளோ வேகத்துல வந்தீங்கன்னு தெரியுமா சார்?"

"இது ஃபால்ஸ் அலர்ட்டுன்னு நெனச்சேன் ஆபீசர்."

"எது?"

டுவேன் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. பெட்டிகளின் சண்டை, லைலின் தீர்ப்பு எல்லாவற்றையும் ஒழுங்காக எடுத்துச் சொன்னான். அவர் பொறுமையாகக் கேட்டார். வண்டியின் முன்னால் போய்க் கம்பிவலைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"நல்லா வேல செய்யுதா?"

இந்தக் கேள்விக்கு மட்டும் டுவேனால் பெருமையை அடக்க முடியவில்லை. உரிமம் போகிற நேரத்திலும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"உங்க துப்பாக்கில நம்பரே விழாது மேடம்."

"அறுபத்தொண்ணு விழுந்துச்சே" என்று சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார்.

எழுதி முடித்துக் கொடுத்தபோது டுவேன் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான். தினமும் இங்கேதான் நிற்பீர்களா என்று. இந்த ஊர்ப் பெயரையே இன்று காலைதான் கேள்விப்பட்டாராம். யாரோ ஒருவன் வண்டியைக் கண்டபடி ஓட்டுகிறான், கிடங்கைச் சுற்றிச் சுற்றி வேறு வருகிறான் என்று கிடங்குக் காவலாளி புகார் கொடுத்திருக்கிறார். அதனால் அனுப்பி வைத்தார்களாம்.

ஆறு மாதம் உரிமம் போனது. நீதிமன்றத்தில் கருவியின் கோளாறு பற்றிப் பேச ஆரம்பித்து, நீதிபதி கையை உயர்த்தியதும் நிறுத்தினான். முதலாளி முன்பு சொன்னதைச் செய்துவிட்டார். டுவேனின் பண்ணைகளை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டு, இவனை வான் வெர்ட் சரக்கறையில் காற்றாடிகளுக்கு அட்டைப்பெட்டி மடிக்க வைத்தார். பண்ணைக்காரர்கள் யாரும் இவன் எங்கே என்று கேட்டதாகத் தெரியவில்லை. லைல் மட்டும் ஆறுதல் சொல்லி எழுதினான்: அடுத்த மாதம் புது மாடல் ஜாமர் வருகிறதாம்.

இப்போது டுவேனைக் காலையில் வேலைக்குக் கூட்டிப்போவது அக்கா. அவள் கிளம்பும் நேரத்துக்கு அவன் தயாராக இருக்க வேண்டும். டோனட்டைக் காகிதத்தில் சுற்றி எடுத்துவருவான். முதல் நாள் நானும் பின்னிருக்கையில் இருந்தேன், பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் கொடுக்க. டுவேன் தன் எச்சரிக்கைப் பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து அக்காவின் முன் கண்ணாடியில் ஒட்டினான். அவளுடைய பாதுகாப்புக்காம். அவள் மறுக்கவில்லை.

கிராமம் முடிந்து நெடுஞ்சாலையில் ஏறினோம். முன்னால் ஒரு தானிய லாரி போய்க்கொண்டிருந்தது. அக்கா ஸ்டியரிங்கில் ஒரு பொத்தானைத் தட்டி வேகத்தைக் காருக்கு ஒப்படைத்தாள். அந்த நொடியே பெட்டி அலறியது.

டுவேன் நிமிர்ந்தான். "லேசர். மெதுவா போ."

"அம்பத்தஞ்சுல போற எடத்துல அம்பத்தஞ்சுதான் போறேன்."

இரண்டு பக்கமும் முழங்கால் உயரச் சோளம். கிடங்கும் பின்னால் போய்விட்டது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒளிந்துகொள்ள ஒரு மரம்கூட இல்லாத தட்டை நிலம். டுவேன் வலதுபுறம் பார்த்தான், இடதுபுறம் பார்த்தான், என்னையும் திரும்பிப் பார்த்தான். பெட்டி நிறுத்தவே இல்லை. அக்கா விரலால் அதே பொத்தானைத் தட்டினாள். காரின் கண் மூடியது, லாரியில் பட்டுத் திரும்பிய ஒளி நின்றது, பெட்டி அடங்கியது. மறுபடி தட்டினாள். அலறல்.

வாயால் அவள் ஏற்கெனவே ஒருமுறை சொல்லியிருந்தாளே.

டுவேன் பெட்டியின் வயரைப் பிடுங்கக் கை நீட்டினான்.

"இருக்கட்டும்" என்றாள் அக்கா. "கேட்டுட்டே வா."

வான் வெர்ட் வரை அது கத்திக்கொண்டே வந்தது. டுவேன் டோனட்டைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு அலறலுக்கும் அவனுடைய வலது பாதம், அந்தப் பக்கத்தில் இல்லாத பிரேக்கைத் தவறாமல் மிதித்துக்கொண்டிருந்தது.